கணக்கும் காலமும் தலைமையும்
செட்டிநாட்டு வணிக முறை கற்பிக்கும் பாடம்

இன்று தொழிலகங்களிலும் நிறுவனங்களிலும் உயர்பொறுப்பு ஏற்பவர்களுக்கு நிர்வாகப் பயிற்சி அளிக்கும் வகுப்புகள் பல நடைபெறுகின்றன. காலத்தை எவ்வாறு பயன்படுத்துவது, பொறுப்பைப் பிறரிடம் எவ்வாறு ஒப்படைப்பது, இளையவர்களை எவ்வாறு உருவாக்குவது என்பன அவ்வகுப்புகளில் முதன்மையாகப் பேசப்படும் பொருள்கள். நம் இல்லத்து இளைஞர் பலரும் உழவையும் ஆசிரியப் பணியையும் கடந்து வணிகம், வங்கி, தொழில் நிர்வாகம் ஆகிய துறைகளுக்குச் சென்றுள்ளனர். அவர்களும் இப்பாடங்களை மேலைநாட்டு நூல்களின் வழியாகவே பெரும்பாலும் பயில்கின்றனர். அந்நூல்கள் பயனுடையவையே, ஐயமில்லை. ஆயினும் அவை கூறும் முறைகளுட் பலவற்றை நம் தமிழ் மண்ணிலேயே, காரைக்குடியை நடுவாகக் கொண்ட செட்டிநாட்டில், ஒரு வணிகச் சமூகம் நெடுங்காலம் கைக்கொண்டு வாழ்ந்திருக்கிறது. அவ்வாழ்வில் வெற்றியும் உண்டு, பெருஞ்சரிவும் உண்டு. இரண்டையும் சேர்த்துக் கற்பதே முழுமையான பாடமாகும்.

வணிகம் பரவிய வகை

காரைக்குடி, தேவகோட்டை, கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான் முதலிய ஊர்களைக் கொண்ட பகுதியே செட்டிநாடு எனப்படுவது. அது வறண்ட நிலம். மழையையும் கண்மாயையும் நம்பிய நிலம். இந்நிலத்து நகரத்தார் உப்பு, அரிசி, துணி ஆகியவற்றின் வாணிபத்திலும் கொடுக்கல் வாங்கலிலும் தேர்ந்து, பின்னர்க் கடல் கடந்தனர். இலங்கை, மலேயா, சிங்கப்பூர், பர்மா, வியட்நாம் முதலிய நாடுகளில் அவர்தம் வட்டிக்கடைகள் தோன்றின. 1852இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் ஆட்சிக்கு உட்பட்டது. 1869இல் சூயசுக் கால்வாய் திறக்கப்பட்டது. அதன்பின் பர்மா அரிசிக்கு ஐரோப்பியச் சந்தை விரிந்தது. காட்டைத் திருத்தி வயலாக்க உழவர்க்குப் பணம் வேண்டியிருந்தது. அப்பணத்தைத் தந்தவர்களுள் முதலிடம் பெற்றவர்கள் நகரத்தாரே. 1930ஆம் ஆண்டளவில் பர்மாவில் மட்டும் ஏறத்தாழ 1,650 நகரத்தார் கடைகள் இருந்ததாக அக்காலத்து வங்கித் தொழில் விசாரணைக் குழு கணக்கிட்டது.

இங்கு நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது ஒன்றுண்டு. முதலாளி காரைக்குடியில் இருக்கிறார். கடையோ கப்பலில் பல நாள் செல்லவேண்டிய தொலைவில் இருக்கிறது. தொலைபேசி இல்லை, கடிதம் போய்ச் சேரவும் நாளாகும். அன்றாடம் நடக்கும் எதனையும் அவர் நேரில் காண இயலாது. இந்நிலையில் இத்துணைக் கடைகள் எவ்வாறு நடந்தன? இவ்வினாவிற்கு விடை காணின், தலைமைப் பண்பின் அடிப்படைகள் தாமே புலப்படும்.

முதற் பாடம்: படிப்படியான பயிற்சி

நகரத்தார் வீட்டுப் பிள்ளைகள் இளமையிலேயே தொழிற் பயிற்சியைத் தொடங்கினர். எண்சுவடியும் வாய்பாடும் மனப்பாடமாயின. முந்திரி, காணி, மாகாணி, அரைக்கால் எனக் கீழ்வாய் இலக்கங்களைச் சொல்லிப் பழகினர். முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு. காணி என்பது 80இல் ஒரு பங்கு. இச்சிறு பின்னங்களை வைத்துக்கொண்டு வட்டியை மனத்திலேயே கணக்கிடும் ஆற்றலைப் பெற்றனர். பின்னர்க் கடைக்கு அனுப்பப்பெற்றனர்.

கடையில் முதல் நிலை, பெட்டியடிப் பையன். பெட்டியடி என்பது பணப்பெட்டியும் கணக்கெழுதும் மேசையும் இருக்கும் இடம். அவ்விடத்தைத் தூய்மை செய்வது, எடுத்துக் கொடுப்பது, பெரியவர் எழுதுவதைப் பார்ப்பது, சொன்ன இடத்திற்குச் சென்று வருவது ஆகியன அப்பையனின் பணி. அடுத்த நிலையினருக்கு அடுத்தாள் என்று பெயர். அவர் கணக்கு எழுதுவார், வசூலுக்குச் செல்வார். அதன்பின்பே கடையை முழுப் பொறுப்பேற்று நடத்தும் ஏஜெண்டு என்னும் நிலை. செல்வர் வீட்டு மகனாயினும் இப்படிகளைக் கடந்து வருதல் நன்றெனக் கருதப்பட்டது.

இதன் பயன் யாது? மேல்நிலையில் இருப்பவர், கீழ்நிலையில் இருப்பவரின் வேலையைத் தம் கையாற் செய்தவர். எங்கே பிழை நேரும், எதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதை அவர் அறிவார். ஆதலின் அவர் இடும் கட்டளை நிறைவேறக்கூடிய கட்டளையாக இருந்தது. படித்துப் பட்டம் பெற்றவுடன் நேரே மேலாளர் இருக்கையில் அமரும் இக்காலத்து இளைஞர், தமக்குக் கீழுள்ளோர் பணியைச் சில திங்களேனும் உடனிருந்து கற்பது இன்றியமையாதது. தந்தையின் கடையை ஏற்கும் மகனுக்கும் இது பொருந்தும்.

இரண்டாம் பாடம்: வரையறுத்து ஒப்படைத்தல்

கடல் கடந்த கடைக்குச் செல்லும் ஏஜெண்டுடன் முதலாளி எழுத்து வடிவில் உடன்படிக்கை செய்துகொள்வார். பொதுவாக அதன் காலம் மூன்றாண்டு. சம்பளம் இவ்வளவு என்பது முன்னரே உறுதியாகும். அதில் ஒரு பகுதி புறப்படும்போதே தரப்படும்; ஊரில் இருக்கும் குடும்பம் கவலையின்றி வாழ அது உதவும். கடை ஈட்டும் இலாபத்திலும் ஏஜெண்டுக்கு ஒரு பங்கு உண்டு. முதலாளியின் பெயரால் கொடுக்கவும் வாங்கவும் வழக்குத் தொடுக்கவும் வேண்டிய அதிகாரப் பத்திரம் அவரிடம் அளிக்கப்படும். மூன்றாண்டு நிறைந்ததும் அடுத்தவர் வருவார். முன்னவர் அவருக்குக் கணக்கையும் கடன்பட்டோரையும் காட்டி ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்புவார். ஓய்வு கொண்டபின் மீண்டும் பணியேற்கலாம்.

இம்முறையில் நான்கு கூறுகள் அமைந்திருப்பதைக் காணலாம். முதலாவது, அதிகாரம் முழுமையாகத் தரப்பட்டது. ஒவ்வொன்றுக்கும் ஊரிலிருந்து உத்தரவு வரட்டும் என்று காத்திருக்க வேண்டுவதில்லை. இரண்டாவது, காலம் வரையறுக்கப்பட்டது. முடிவில்லாத பொறுப்பு எவரையும் சோர்வுறச் செய்யும், அல்லது தன்முனைப்புக் கொள்ளச் செய்யும். மூன்றாவது, ஊதியம் ஆக்கத்தோடு இணைக்கப்பட்டது. நான்காவது, ஒப்படைப்பு முறையாக நடந்தது. புதியவர் கணக்கை ஏற்கும்பொழுது முன்னவரின் மூன்றாண்டுப் பணியும் இன்னொருவர் கண்ணால் ஆராயப்பட்டது.

நம்பிக்கையும் சோதனையும் ஒன்றுக்கொன்று பகை என நம்மிற் பலர் எண்ணுகின்றனர். 'நம்பினேன், ஆகவே கணக்குக் கேட்கவில்லை' என்று பெருமையாகக் கூறுவாரும் உளர். செட்டிநாட்டு முறை இவ்வெண்ணத்திற்கு மாறானது. கணக்கு ஒழுங்காக வருவதனால்தான் தொலைவில் இருப்பவரை நம்ப முடிந்தது. கணக்குக் கேட்பது ஒருவரை ஐயுறுவதாகாது. அவர்மீது பின்னாளில் வீண் ஐயம் எழாமற் காப்பதாகும். உடன்பிறந்தோர் சேர்ந்து நடத்தும் தொழிலில் மனத்தாங்கல் நேர்வதற்குக் கணக்கு முறையாக இன்மையே பெருங்காரணம் என்பது நாம் பலரும் அறிந்ததே.

மூன்றாம் பாடம்: அன்றைய கணக்கு அன்றே

நகரத்தார் கடைகளில் அன்றாட வரவு செலவு குறிப்பில் எழுதப்படும். அதிலிருந்து ஒவ்வொருவர் பெயரிலும் பேரேட்டில் பதிவாகும். பின்னர் ஐந்தொகை எடுக்கப்படும். வரவும் பற்றும் நேர்நிற்கின்றனவா எனப் பார்க்கப்படும். கணக்கின் படி காலந்தோறும் ஊருக்கு அனுப்பப்படும். கடையில் இருப்பவர் எழுத, ஊரில் இருப்பவர் படித்து வினாவெழுப்ப, இவ்வாறு கடிதமும் கணக்குமே முதலாளியின் கண்ணாக விளங்கின.

மேலைநாட்டு நிர்வாக அறிஞர் பீட்டர் டிரக்கர், செயலாட்சியர் திறம்படப் பணியாற்றுவது குறித்து 1960களில் ஒரு நூல் எழுதினார். ஒருவர் தம் வேலைகளைத் திட்டமிடுவதற்கு முன், தம் நேரம் உண்மையில் எவ்வழியிற் செல்கிறது என்பதைக் குறித்து வைத்துப் பார்க்கவேண்டும் என்பது அவர் வலியுறுத்திய கருத்து. நினைவை நம்பாது எழுத்தை நம்பவேண்டும் என்பதே இதன் சாரம். பணத்தைக் குறித்து நகரத்தார் கைக்கொண்ட முறையும் இதுவே. பணத்திற்குப் பேரேடு வைக்கும் நாம், நாளின் பொழுதுக்கு ஏன் ஒரு குறிப்பு வைக்கலாகாது?

இதனைச் செய்வது எளிது. ஒரு சிறு குறிப்பேட்டில், காலை முதல் இரவு வரை ஒவ்வொரு பணிக்கும் செலவான நேரத்தை அப்போதைக்கப்போது எழுதுக. ஏழு நாள் கழித்து ஐந்தொகை எடுப்பது போலக் கூட்டிப் பார்க்க. நாம் இன்றியமையாதது என்று வாயாற் கூறும் பணிக்கு எத்துணை நேரம் தந்தோம், பிறர் இழுத்த இழுப்புக்கு எத்துணை நேரம் போயிற்று என்பது தெளிவாகும். இக்காலத்தில் கைப்பேசியே பெரும்பற்றாக நிற்பதைப் பலர் காணக்கூடும். கண்டபின் திருத்துவது கடினமன்று; காணாதவரைத்தான் அது கடினம்.

நான்காம் பாடம்: இல்லத்திலிருந்தே பொறுப்பு

செட்டிநாட்டு இல்லங்களில் 'வேறு வைத்தல்' என்றொரு வழக்கம் உண்டு. திருமணமான மகனும் மருமகளும் பெற்றோருடன் அதே பெரிய வீட்டில்தான் வாழ்வர். ஆயினும் அவர்க்கெனத் தனி அடுப்பும் தனிச் செலவும் ஏற்படுத்தித் தரப்படும். ஆண்டுக்கு இவ்வளவு என அரிசியும் பணமும் வரையறுக்கப்படும். அதற்குள் குடும்பத்தை நடத்துவது இளையவர் பொறுப்பு. திருமணமான ஒவ்வொருவரும் சமூகக் கணக்கில் ஒரு 'புள்ளி' ஆவார். கோயிலுக்கும் பொதுச் செயலுக்கும் வரி செலுத்தும் கடமை அப்புள்ளிக்கு உண்டு. ஒரே கூரையின் கீழ் உறவும் குறையாமல், வரவுக்குள் வாழும் பழக்கமும் கைவரச் செய்த ஏற்பாடு இது.

ஆடவர் மூன்றாண்டு வெளிநாட்டில் இருக்க, அப்பெரிய இல்லங்களை நடத்தியவர்கள் ஆச்சிமார். விளைபொருள் வரவு, பணியாளர் ஊதியம், திருமணங்களுக்கு ஆண்டுக் கணக்கில் பண்டம் சேர்த்தல், பிள்ளைகளின் படிப்பு ஆகிய அனைத்தும் அவர்கள் கையிலேயே நடந்தன. அவர்தம் சீதனப் பணம் 'ஆச்சிமார் பணம்' எனத் தனியாகக் கணக்கிடப்பட்டு, கடையில் வட்டிக்கு இடப்பட்டது. கோயிற் பணமும் அவ்வாறே தனிக் கணக்காக நின்றது. கொடுக்கல் வாங்கலில் சிறுபகுதி மகமையாக அறத்துக்கென ஒதுக்கப்பட்டது. பிறர் பணத்தைத் தம் பணத்தோடு கலவாமை வணிகத் தலைமையின் முதல் ஒழுக்கம் என்பதை இது காட்டுகிறது. நிர்வாகத் திறம் அலுவலகத்தில் மட்டும் தோன்றுவதன்று. அடுக்களையிலும் தோன்றுவது என்பதை நம் இல்லத்துப் பெரியோரும் உணர்தல் நன்று.

ஐந்தாம் பாடம்: கணக்குச் சரியாக இருந்தும் நேர்ந்த சரிவு

இதுவரை கூறியவற்றைப் படித்தோர், இத்துணை ஒழுங்குடைய வணிகம் அழியாது என்றே எண்ணுவர். ஆனால் நடந்தது வேறு.

1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தத்தால் 1930இல் அரிசி விலை வீழ்ந்தது. பர்மிய உழவர் கடனைத் திருப்பித் தர இயலவில்லை. ஈடாக வைத்த நிலங்கள் கடை கடையாக நகரத்தார் பெயருக்கு வந்தன. கீழ்ப் பர்மாவின் முதன்மையான நெல் விளையும் மாவட்டங்களில் 1930இல் ஏறத்தாழ 6 விழுக்காடு நிலமே அவர்களிடம் இருந்தது. 1938ஆம் ஆண்டளவில் அது 25 விழுக்காடாயிற்று. அவர்கள் வேண்டியது நிலமன்று, பணமே. கைக்கு வந்ததோ விற்கவியலாத நிலம். மறுபுறம், காடு திருத்தி உழுத நிலத்தை இழந்து குத்தகையாளராகிய பர்மியக் குடும்பங்களின் துயரம் பெரிது. அத்துயரம் சினமாக மாறியது. 1942இல் சப்பானியப் படையெடுப்பின்போது இந்தியர் இலட்சக்கணக்கில் வெளியேறினர். அவர்களுள் நகரத்தாரும் இருந்தனர். 1948இல் விடுதலை பெற்ற பர்மா நிலங்களை நாட்டுடைமையாக்கும் சட்டம் இயற்றியது. 1962இல் இராணுவ ஆட்சி ஏற்பட்டது. 1963இல் வங்கிகளும் நாட்டுடைமையாயின. தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த பொருள் பேரேட்டில் மட்டும் எஞ்சியது.

இதில் எந்தக் கணக்கிலும் பிழை இல்லை. ஐந்தொகை நேராகவே நின்றது. எனினும் இரண்டு செய்திகளை ஐந்தொகை காட்டாது. ஒன்று, முதல் பெரும்பகுதி ஒரே நாட்டில், ஒரே விளைபொருளின் விலையை நம்பி நின்றது என்பது. மற்றொன்று, கடன்பட்டோர் உள்ளத்தில் என்ன நிகழ்கிறது என்பது. ஒவ்வொரு ஏஜெண்டும் தம் கடையைத் திறம்பட நடத்தினார், சட்டப்படியே வசூலித்தார். ஆனால் எல்லாக் கடைகளின் செயலும் ஒன்றுசேர்ந்து ஒரு நாட்டின் உழவர் வாழ்வில் என்ன விளைவை உண்டாக்கும் என்பது தனித்தனியே எவர் பேரேட்டிலும் எழுதப்படவில்லை.

செயல்திறம் வேறு, தலைமை வேறு. குறித்த வேலையைக் குறித்த நேரத்தில் செய்து முடிப்பது செயல்திறம். அவ்வேலை நம்மையும் பிறரையும் எங்கே கொண்டு சேர்க்கும் என்று நின்று நோக்குவது தலைமை. முன்னதில் மிகத் தேர்ந்தவர், பின்னதற்கு நேரமே இல்லை என எண்ணிவிடுவதுண்டு. நாள்தோறும் நூறு பணிகளை முடிக்கும் நிர்வாகி, திங்களுக்கு ஒரு நாளேனும் எப்பணியும் செய்யாமல் அமர்ந்து இவ்விரண்டு வினாக்களையும் தமக்குள் எழுப்பிக்கொள்ள வேண்டும்: நாம் எதனை மட்டும் நம்பி நிற்கிறோம்? நம் ஆக்கத்தால் நலிவுறுவோர் எவரேனும் உளரோ?

ஆறாம் பாடம்: திசை மாற்றியவர்கள்

காலத்தின் குறிப்பை அறிந்து திசை மாற்றியோரும் அச்சமூகத்தில் இருந்தனர். பள்ளத்தூர் அ.மு. முருகப்ப செட்டியார் 1900இல் பர்மாவின் மௌல்மீனில் தொழில் தொடங்கியவர். சப்பானியப் படையெடுப்பிற்கு முன்பே, 1930களில், அவர்தம் குடும்பம் முதலைத் தாயகத்துக்கு மாற்றத் தொடங்கியது. அக்குடும்பமே 1949இல் சென்னையில் மிதிவண்டித் தொழிலைத் தொடங்கி, பின்னர்ப் பல துறைகளிலும் வளர்ந்தது.

மு.சித.மு. சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10 அன்று இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தோற்றுவித்தார். அப்போது அவருக்கு அகவை 28. காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூன்று இடங்களிலும் ஒரே நாளில் வங்கி திறக்கப்பட்டது. முன்னோர் வட்டிக்கடையில் பெற்ற அறிவை, அயல்நாட்டுச் செலாவணி நடத்தும் கூட்டுப்பங்கு வங்கியாக அவர் மாற்றினார். அவ்வங்கி 1969இல் நாட்டுடைமையாகி இன்றும் நடைபெறுகிறது.

கோட்டையூரில் 1909இல் பிறந்த அழகப்ப செட்டியார், நெசவாலை முதலாக வான்வழிப் போக்குவரத்து வரை பல தொழில்களை நடத்தியவர். ஈட்டிய பொருளை அவர் கல்வியில் இட்டார். 1947இல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். மத்திய மின்வேதியியல் ஆய்வுக்கூடம் காரைக்குடியில் அமையவேண்டும் என்பதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்கினார். 1948 சூலை 25இல் பண்டித நேரு அதற்கு அடிக்கல் நாட்டினார். 1953 சனவரி 14இல் டாக்டர் இராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். 1957இல், நாற்பத்தெட்டு அகவை நிறையும் முன்பே, அழகப்பர் மறைந்தார். அவர் நட்ட கல்வி நிலையங்கள் 1985இல் எழுந்த பல்கலைக்கழகத்துக்கு அடித்தளமாயின. பர்மாவில் இட்ட முதலைச் சட்டம் ஒன்று பறித்துக்கொண்டது. காரைக்குடிப் பொட்டலில் கல்விக்கு இட்ட முதலோ ஆண்டுதோறும் பெருகிவருகிறது.

நாம் கைக்கொள்ளத் தக்கவை

1. நாள் முடியுமுன் அன்றைய வரவு செலவையும் அன்றைய பணிகளையும் எழுதி முடித்தல்.
2. பிறரிடம் பொறுப்பை ஒப்படைக்கும்போது, செய்யவேண்டியது, அதிகாரத்தின் எல்லை, கால அளவு, கணக்குத் தரும் நாள் ஆகிய நான்கையும் எழுத்தில் வரையறுத்தல். வரையறுத்தபின் இடையிற் குறுக்கிடாதிருத்தல்.
3. நம் இடத்தை ஏற்கத்தக்க ஒருவரை இன்றே உடன்வைத்துப் பயிற்றுதல்.
4. பொதுப் பணம், அறப் பணம், குடும்பப் பணம் ஆகியவற்றை ஒன்றோடொன்று கலவாதிருத்தல்.
5. முதலையும் முயற்சியையும் ஒரே இடத்தில் குவியாது பரவலாக வைத்தல்.
6. திங்களுக்கு ஒருமுறை, நம் செயலால் பிறர்க்கு விளைவது யாது என ஆராய்தல்.

இல்லத்தார் கூடி ஆராய்வதற்குச் சில வினாக்கள்

1. நம் குடும்பத் தொழிலிலோ வரவு செலவிலோ ஒருவர் மட்டுமே அறிந்த செய்திகள் யாவை? அவர் ஒரு திங்கள் ஊரில் இல்லையெனில் எவை தடைப்படும்?
2. நம் பிள்ளைகளுள் யாருக்கு, எந்த அகவையில், எத்துணைப் பணத்தைத் தாமே கணக்கெழுதி நடத்தும் பொறுப்பைத் தரலாம்?
3. பிறர்க்கு நாம் கொடுத்த கடனிலோ, நம்மிடம் பணி செய்வோர் வாழ்விலோ, சட்டப்படி சரியாகவும் மனச்சான்றின்படி குறையாகவும் இருப்பது ஏதேனும் உண்டா?

மூன்றாம் வினாவிற்கு விடை எழுதுவது கடினம். அதனையே முதலில் எழுதத் தொடங்குவது நன்று.